வலது பக்கத்துச் சிவப்பு வட்டங்கள்

பழைய பேப்பர்காரர் வாசலில் தராசோடு உட்கார்ந்திருந்தார். கடையை மாற்றப் போகிறேன், பீரோவை ஒழித்தாக வேண்டும். மேல்தட்டிலிருந்து ஒரு காகிதக் கட்டை இழுத்தேன். பட்டர் பேப்பர். அந்தச் சலசலப்பும், பிரிண்டரிலிருந்து சூடாக வெளியே வரும்போது அடிக்குமே ஒரு கருகல் வாசனை, அதுவும் அப்படியே இருந்தன. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் வாசனை எங்கேயிருந்து வரும், சும்மா சொல்லாதே என்பாய். வந்தது, அவ்வளவுதான். "அதையும் போடும்மா, எடை நிக்கும்" என்றார் அவர். "இது போட்றதுக்கு இல்ல, நீ கெளம்பு" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அந்த மனுஷன் என்ன செய்தார்.

கட்டின் மேலே உன் கையெழுத்து. 'என் தப்புகள்' என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தாய். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் கம்ப்யூட்டரில் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் அடிக்கிறவர்கள் மொத்தம் பன்னிரண்டு பேர் சேர்ந்து 'பேஜ்மேக்கர் சங்கம்' என்று, பக்கம் கட்டுகிற சாஃப்ட்வேர் பெயரிலேயே, நாமாக ஒரு பெயர் வைத்துக்கொண்டோம். மாதத்தின் முதல் ஞாயிறு கூட்டம். ஒரு மாதம் விழுப்புரத்தில் ஆஃப்செட் பிரஸ் வைத்திருந்த அண்ணனின் குடோனில், அடுத்த மாதம் திண்டிவனத்தில் என் கடை மாடியில். பன்னிரண்டில் பெண்கள் நீயும் நானும்தான். முதல் கூட்டத்தில் எவனோ ஒருத்தன் நம் இரண்டு பேரையும் பார்த்து, "டீக்கு எதனா ஏற்பாடு பண்ணுங்களேன்" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "டீக்கட கீழதான் கீது சார். போறதுதான் போறீங்க, எங்களுக்கும் ரெண்டு சொல்லிட்டு வந்துடுங்க." அவன் போய்ச் சொல்லிவிட்டும் வந்தான். அன்றைக்கே எனக்கு உன்னைப் பிடித்துப்போயிற்று.

என்ன பேசினோம் அந்தக் கூட்டங்களில்! உன் கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரிவது என் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக ஏன் வருகிறது, நாற்பது பக்க மலரை அடிக்கும்போது மெஷின் நின்று போனால் முதலில் எதைக் காப்பாற்றுவது. அதெல்லாம் முடிந்ததும் தப்பு வாசிப்பு. அந்த மாதம் தான் செய்த பெரிய தப்பை ஒவ்வொருவரும் பட்டர் பேப்பர் தாளோடு கொண்டுவர வேண்டும். அச்சுக்குப் பிளேட் போடுவதற்கு முன்னால் எடுக்கும் அந்த மெல்லிசான, உள்ளே தெரிகிற தாள். தப்பைச் சிவப்பில் வட்டம் போட்டு, எழுந்து நின்று, 'இது என் தப்பு' என்று சொல்லிவிட்டுக் காட்ட வேண்டும். திட்டக் கூடாது, சிரிக்கலாம். மார்கழிக் கூட்டத்தில் அந்த வருஷத்தின் பெரிய தப்புக்காரருக்கு ஒரு பெரிய சைஸ் அழிரப்பர் பரிசு. நான் செயலாளர் என்பதால் எல்லோருடைய தாளும் என் பீரோவில்தான் கிடக்கும்.

முதல் மூன்று வருஷம் உன்னிடம் சொல்லிக்கொள்கிற மாதிரி தப்பே இல்லை. "இவ பொய்யா ஒண்ணு தயார் பண்ணிக்கினு வர்றா" என்று உன்னைக் கேலி பண்ணுவோம். நாலாவது வருஷம் சித்திரைக் கூட்டத்தில் நீ அந்தக் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்தாய். போன மாதத்துக் கல்யாணத்தின் ஃபைலையே எடுத்து வைத்துக்கொண்டு பெயர்களை மாற்றியிருக்கிறாய். இடது பாதியில் ஒலக்கூர்ப் பெண் வந்துவிட்டாள். வலது பாதியில் போன மாதத்து மாப்பிள்ளையே நிற்கிறார், அப்பா அம்மா ஊர் எல்லாம் சேர்த்து.

"ஏம்மா, அந்தாளுக்குப் போன மாசந்தான கல்யாணம் ஆச்சி? அவன் பொண்டாட்டி உட்ருவாளா?" என்றார் ஆஃப்செட் அண்ணன்.

என் மாடி அதிர்ந்தது. நீயும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாய்.

வைகாசியில் ஒரு விசிட்டிங் கார்டு, போன் நம்பரில் கடைசி இரண்டு எண் இல்லை. ஆனியில் திருவக்கரைக்குப் பௌர்ணமி பஸ் விடுகிறவர்களின் நோட்டீஸ், வலது பத்தியில் பழைய நேரம். ஆடியில் ஒன்று, ஆவணியில் ஒன்று. எல்லாம் பார்ட்டி வந்து விரல் வைத்துக் காட்டின பிறகு நீ வட்டம் போட்டவை. "இன்னாடி, வூட்ல எதனா பேஜாரா?" என்று ஒருநாள் உன்னைத் தனியாகக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லடி, ஜல்தி ஜல்தின்னு அடிக்கிறேன்ல" என்றாய். நம்பிவிட்டேன். நீ சொன்னால் நம்பாமல் என்ன செய்வேன்.

இனிமேல் வருவதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

புரட்டாசியில் ஒருநாள் பகலில் கடையில் வேலை இல்லை. கண்ணாடிக்கு அடியில் டியூப்லைட் போட்ட மேசை ஒன்று என்னிடம் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், படம் ஒட்டுவதற்கு வைத்திருந்தேன். பரிசுக்குக் கணக்கு எடுக்கலாமே என்று உன் தாள்களை மட்டும் பிரித்து, விளிம்பு சேர்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக அந்த மேசையில் அடுக்கினேன். லைட்டைப் போட்டேன். எல்லாத் தாளும் ஒரே தாளாகத் தெரிந்தது. சிவப்பு வட்டம் அத்தனையும் வலது பக்கத்தில். இடது பக்கம் துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

பார்த்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். 'இந்த மகராசிக்கு வலது பக்கம்னாலே ஆவாது போல' என்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மார்கழிக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் இதை அடுக்கிக் காட்டினால் எப்படி இருக்கும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். போன் பண்ணி உன்னிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றைக்குச் சுவாரசியம் போய்விடுமே! நாலு பேர் சிரிக்கிறார்கள் என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம், உனக்குத் தெரியாததா. தாள்களைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டேன்.

மார்கழிக் கூட்டம் என் மாடியில் நடந்தது. நான் நினைத்ததைவிட நன்றாகவே நடந்தது. கண்ணாடி மேசையை மேலே ஏற்றி வைத்து, தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கி, "இப்ப பாருங்க வேடிக்கைய" என்று லைட்டைப் போட்டேன். பத்து ஆம்பிளைகளும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நீ குனிந்து மேசையைப் பார்த்தாய்.

"எங்கடி? வட்டம் எங்க கீது?"

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. நீ நடிக்கிறாய் என்று நினைத்தோம். அழிரப்பரைக் கொடுத்துக் கைதட்டினோம். நீயும் அந்தத் தாள்களைக் கட்டி, மேலே 'என் தப்புகள்' என்று எழுதி என்னிடமே கொடுத்தாய்.

உன்னை பஸ் ஏற்றிவிட நான் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். வழியில் வேர்க்கடலை வண்டியைப் பார்த்ததும் நீ மல்லாட்டை கேட்டாய். வண்டிக்காரம்மா உன் வலது பக்கம் நின்று பொட்டலத்தை நீட்டினாள். நீ நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாய். "யம்மா, எத்தினி நேரந்தான் நீட்டிக்கினு நிக்கறது, புடிம்மா!" என்று அவள் கத்தினாள். நீ திடுக்கிட்டு, குரல் வந்த பக்கம் முகத்தை முழுசாகத் திருப்பினாய். அப்போதுதான் பொட்டலத்தைப் பார்த்தாய். 

"ஏய், வலது பக்கம் உனக்குத் தெரியுதாடி?"

"தெரியுதே" என்றாய்.  "கொஞ்ச நாளா ஆளுங்க மேல இடிச்சிக்கினு இருக்கேன். கூட்டம்னு நெனச்சேன்."

கண் டாக்டர், கண் இரண்டும் நன்றாக இருக்கிறது, தலையை ஒரு ஸ்கேன் எடுங்கள் என்று பாண்டிக்கு அனுப்பினார். தலையின் பின்பக்கம், இடது புறத்தில் கட்டி. பெரிய டாக்டர் உன் வீட்டுக்காரரையும் என்னையும் வராண்டாவில் நிற்கவைத்துச் சொன்னார். "ஆபரேஷன் பண்ற எடத்த தாண்டிடுச்சு. ரேடியேஷன், அதான் கரண்ட், வெச்சுப் பாக்கலாம். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..."

"கொஞ்சம்னா எத்தினி நாளு சார்?" என்று உன் வீட்டுக்காரர் கேட்டார்.

"ரெண்டு மூணு மாசம்."

புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. விரல் விட்டு எண்ணினேன்.

அதற்கு அப்புறமும் நீ கம்ப்யூட்டரை விடவில்லை. தை மாதக் கூட்டத்தில் பதினோரு பேரும் உன்னைச் சுற்றி உட்கார்ந்து, அதையும் ஒரு கம்ப்யூட்டர் கோளாறு போல எடுத்துக்கொண்டு யோசனை சொன்னோம். பக்கத்தை இரண்டு மடங்கு அகலமாக வைத்து வேலை எல்லாவற்றையும் இடது பாதியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. மாசி வரைக்கும் அது உதவியது. பங்குனிக் கூட்டத்தில் நீயே எங்களுக்கு ஒன்று காட்டினாய். திரையின் நடுவில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே, வலது ஓரத்திலிருந்து, மார்ஜினுக்குப் போடும் நீலக் கோட்டை மெதுவாக உள்ளே இழுத்தாய். கண்ணில் பட்டதும் நிறுத்தினாய்.

"போன மாசம் ரெண்டு இஞ்ச் அந்தாண்ட நின்னுச்சி. இப்ப பாருங்க, இங்க வந்துடுச்சி."

 எந்தக் கம்ப்யூட்டர் எப்படி நின்றாலும் ஒரு வழி வைத்திருக்கும் ஆஃப்செட் அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். எங்களால் முடிந்தது மார்ஜினைத் தள்ளி வைப்பதுதான். அதற்குமேல் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை.

ஆடியில் நீ போய்விட்டாய். கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பதினோரு பேரும் மாற்றி மாற்றிப் படித்தோம். ஒரு தப்பு இல்லை. இல்லாமல் இருந்து என்ன, அதை வைத்து யாரை எழுப்பப் போகிறோம்.

நீ போவதற்கு ஒரு வாரம் இருக்கும். கட்டிலுக்கு இடது பக்கம் வந்து நின்றேன். பேச்சு குழற ஆரம்பித்திருந்தது, ஆனாலும் நன்றாகப் புரிந்தது.

"நீ மட்டும் அன்னிக்கி அந்தத் தாளுங்கள அடுக்கிக் காட்டலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுடி. நான்பாட்டுக்கு நோட்டீஸ் அடிச்சிக்கினு இருந்திருப்பேன்."

உன் வீட்டுக்காரர் கால்மாட்டில் நின்றபடி தலையாட்டினார். "ஆமாங்க. அன்னிக்கே பாத்து அன்னிக்கே சொன்னீங்க. வேற யாரு சொல்லுவாங்க?"

அன்னிக்கே இல்லை, மூணு மாசம் முன்னாடியே பார்த்துட்டேன், சிரிக்கிறதுக்கு எடுத்து வெச்சிருந்தேன். இது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தேன். நீ போர்வை மேல் தடவித் தடவி என் கையைத் தேடினாய். நான் கையைக் கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டேன். உனக்கு நிம்மதி போகக் கூடாது என்றுதான் சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் இல்லை. நீ என் மேல் வைத்திருந்த பிரியம் போய்விடுமோ என்று பயந்தேன்.

"நல்லா இருடி" என்றாய், என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு.

நீ சொன்னபடியே நன்றாகத்தான் இருக்கிறேன். கண், காது, கை, கால் ஒன்றுக்கும் குறைவில்லை. எனக்குச் சேர வேண்டியது இல்லை என்று தெரிந்தே வாங்கிக்கொண்ட வாழ்த்து அது. அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் நீ இல்லை.