சும்மா படுத்திருந்த மதியம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி. வாய்க்கு ஒரு வலியும் இல்லை. போனில் பேசினால் நல்லா இருக்கேன்க்கா, டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாதல்லவா, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் கம்பெனியில் ஒரு கூத்து. நான் செக்கிங் மேஜையில் இருப்பது உனக்குத் தெரியும். தைத்து வரும் சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, குறை இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். அன்றைக்கு ஒரு கட்டு முழுவதையும் சரி என்று அனுப்பிவிட்டேன். எல்லாவற்றிலும் பொத்தான் இருந்தது, ஒன்றில்கூடப் பொத்தான் மாட்டும் துளை இல்லை. கண் திறந்துதான் இருந்தது பாப்பா. பார்த்தது யாரென்று தெரியவில்லை.

சூப்பர்வைசர் அம்மா திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றேன். அவர் திட்டவில்லை. கடைசியாக எப்போது லீவு போட்டாய் என்று கேட்டார். எனக்கு நினைவே வரவில்லை. இந்த வாரம் வராதே, போய் ஓய்வெடு என்றார். திட்டியிருந்தால் தேவலை. வேலையை விட்டு அனுப்பத்தான் வழி பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தேன்.

வீட்டில் ஏது ஓய்வு? லீவு என்றதும் அத்தை அண்ணாந்து பரணைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே நான் ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டேன். பரண் முடிந்து திரைச்சீலை, அது முடிந்து ஜன்னல் கம்பி. யாரும் ஏவவில்லை. ஆனால் உட்கார்ந்தால் முள்ளின் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வேலைக்குப் போய் வரும் நாளைவிட அன்றைக்குத்தான் அதிகம் அசந்து போனேன்.

மறுநாள் காலை, லீவு முடிந்துவிட்டது என்று அத்தையிடம் சொல்லிவிட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். உன் மாமாவிடமும் அதே பொய்தான். எங்கே போவது? ஒரு பொம்பளை தனியாக எந்த பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூட முடியும்? பஸ்ஸில் ஏறிப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்டக்டர் முகத்தைக்கூடப் பார்க்காமல் கடைசி நிறுத்தத்துக்கு டிக்கெட் வாங்கினேன். டிக்கெட்டைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போனேன்.

விழித்தபோது மதியம். பஸ் நான் ஏறிய இடத்திலேயே நின்றது. எத்தனை நடை போய் வந்ததோ. வெயில் படாமல் என் பக்கத்து ஷட்டரை யாரோ இறக்கிவிட்டிருந்தார்கள். முன் சீட்டில் கண்டக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். உன் மாமா ஓட்டும் பஸ்ஸிலும் சில நாள் வருபவர்தான். விசில் என்று கூப்பிடுவார்கள். இன்னும் ஒரு நடை இருக்கிறது, தூங்குவதானால் தூங்குங்கள் என்றார். எனக்கு மானமே போனது. இறங்கி ஓடிவந்துவிட்டேன்.

விசில் வாயில் எது நிற்கும்? சாயங்காலம் உன் மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்தார். இன்றைக்குச் சண்டைதான் என்று நினைத்தேன். மெதுவாகச் சொன்னார்:

“பின் சீட்ல உக்காராத. டயர் மேல இருக்கு, தூக்கித் தூக்கிப் போடும்.”

நான் அழுதுவிட்டேன். எதற்குப் பொய் சொன்னாய் என்று அவர் கேட்கவே இல்லை. செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார். பிறகு, தானும் ஷிப்ட் முடிந்து நேரே வீட்டுக்கு வருவதில்லை என்றார். டிப்போவில் நிற்கிற பஸ்ஸில் சற்றுப் படுத்துவிட்டுத்தான் வருகிறாராம். வழியெல்லாம் நெரிசல் என்று இத்தனை வருஷம் சொன்னது அதைத்தானாம்.

“இங்க வந்து படுத்தா, நீ நின்னுக்கிட்டே இருக்க. எனக்குத் தூக்கம் வரல.”

அவர் ஓடுகிறாரே என்று நான் படுக்கவில்லை. நான் நிற்கிறேனே என்று அவர் படுக்கவில்லை. ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திக்கொண்டு, தூக்கத்தை மட்டும் ஆளுக்கொரு பஸ்ஸில் திருடிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த நாள் அவருக்கு வார விடுமுறை. மதியம் சாப்பிட்டதும் கூடத்தில் பாய் விரித்து இருவரும் படுத்தோம். அத்தை எட்டிப் பார்த்து யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டார். உன் மாமா சொன்னார்:

“யாருக்கும் இல்லம்மா. சும்மா படுத்திருக்கோம்.”

சும்மாவா என்று அத்தை அப்படியே நின்றார். தேய்க்காத பாத்திரம் தொட்டியில் கிடப்பது படுத்த இடத்திலிருந்தே தெரிந்தது. எழுந்திருக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா பாப்பா? முதுகெல்லாம் கூசியது. அத்தை என்னவோ முணுமுணுத்துக்கொண்டே போய் டிவி சத்தத்தைக் குறைத்தார். அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது.

வேலை போகவில்லை. திங்கட்கிழமை போனேன், அதே மேஜை, அதே இடம். அசதிதான் இன்னும் தீரவில்லை. வருஷக்கணக்கில் சேர்ந்தது ஒரு மதியத்தில் தீருமா?

இனி உன் விஷயம். வார்டில் ஒரு நோயாளியின் மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுக்கப் போய், அவர் வாய் வரை போனதைத் தட்டிவிட்டேன் என்று போன கடிதத்தில் ஏதோ வேடிக்கை போல எழுதியிருந்தாய். மற்ற நர்ஸுகளும்தானே ஓடுகிறார்கள், நான் மட்டும் எந்த முகத்தோடு லீவு கேட்பது என்றும் எழுதியிருந்தாய். என் கையில் வந்தது சட்டை, பாப்பா. பிரித்துத் தைத்துவிடலாம்.

லீவு பற்றி நீ எழுதிய அந்த வரிக்குப் பிறகு உன் பேனா ஒரே கோடாக இழுத்துக்கொண்டு காகிதத்தின் ஓரம்வரை போயிருக்கிறது. எழுதும்போதே தூங்கிப்போயிருக்கிறாய். அதற்குக் கீழே வேறு மையில் இப்படிக்கு என்று இருக்கிறது. அந்தக் கோட்டை உன் மாமாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டுக் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார்.

லீவு கேள். கொடுத்ததும் இங்கே வா. வந்து எதுவும் செய்ய வேண்டாம். யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். இதற்குப் பதில் எழுதாதே. எழுதுகிற நேரத்துக்குக் கொஞ்சம் படுத்துக்கொள்.

உன்,
அக்கா