புதிய பதிப்பில் நூல் இல்லை

பீரோவின் அடித்தட்டைத் திறந்ததும் ஈரச்சாக்கு வாடை அடித்தது. உங்கள் கேசட்டுதான். நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது.

அதைத் தேட வைத்தவன் நம் மகன். சிங்கப்பூரிலிருந்து வந்தவன், அந்தப் பழைய விண்வெளிப் படத்தின் புதிய பதிப்பைக் கொண்டுவந்தான். "கம்ப்யூட்டர்ல சுத்தம் பண்ணியிருக்காங்கம்மா. வெட்டுன சீனெல்லாம் திரும்பச் சேத்துருக்காங்க" என்றான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். இருட்டிலிருந்து பெரிய விண்கலம் வந்தது. நான் அதன் மேலே நூலைத் தேடினேன். இல்லை, துடைத்து எடுத்துவிட்டார்கள். தலைவலி என்று எழுந்துவிட்டேன்.

பட்டுக்கோட்டையில் நீங்கள் கேசட் கடை வைத்திருந்தபோது, காதுகுத்து, கல்யாணம் என்று டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்குப் போகும். இங்கிலீஷ் படமென்றால் கதை புரிய வேண்டுமே என்று, மைக்கைப் பிடித்து நீங்களே தமிழில் சொல்லிக் கேசட்டில் ஏற்றிவிடுவீர்கள். உங்களுக்கு மட்டும் இங்கிலீஷ் தண்ணிபட்ட பாடா என்ன? பாதி உங்கள் சொந்தச் சரக்கு.

இந்த விண்வெளிப் படத்துக்கு நீங்கள் பேசிய அன்று மகன் என் வயிற்றில் ஏழு மாதம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கலம் தலைக்குமேல் வந்துவிட்டது. அலறிவிட்டேன். மைக்கை அணைக்க மறந்து நீங்கள் சொன்னீர்கள்: "பயப்படாத புள்ள. பொம்மைதான். மேல நூலு தெரியுதா, பாரு." பொம்மையைத் தொங்கவிட்டிருந்த நூல் நிஜமாகவே தெரிந்தது. அந்தப் பேச்சும் கேசட்டில் ஏறி ஊர் ஊராகப் போயிற்று. கூத்தாநல்லூர்க்காரர் ஒருவர் கடைக்கே வந்து, "அந்த 'நூலு தெரியுதா' கேசட்டு இருக்காண்ணே?" என்று கேட்டார். வெட்கத்தில் ஒரு மாதம் நான் கடைப்பக்கம் வரவில்லை.

அப்புறம் எதற்கெல்லாம் நூல் காட்டினீர்கள்! புயலில் தென்னைகள் மடமடவென்று சாய்ந்தபோது கேட்டீர்கள். ஆஸ்பத்திரியில் உங்களை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோதும், "நூலு தெரியுதா?" என்றுதான் கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை. நீங்களும் திரும்பி வரவில்லை.

இப்போது எனக்குப் போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டாலும் பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரிப்பீர்கள். ஆனால் பெரிய பயம் வேறு. நீங்கள் சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது, குரல் மட்டும் வர மறுக்கிறது. நம் கல்யாண வீடியோவில்கூடப் பாட்டுதான் ஓடுகிறது. கடையில் இருந்ததெல்லாம் போய், உங்கள் குரல் இருப்பது இந்த ஒரு கேசட்டில்தான்.

தஞ்சாவூரில் டெக் பழுது பார்ப்பவர் ஒருவர் இன்னும் இருக்கிறார். பூஞ்சையைத் துடைத்துவிட்டு, "ஒரு தடவ ஓடும்மா. அதுலயே காப்பி எடுத்துக்கணும். நடுவுல அறுந்தா அறுந்ததுதான். போடவா?" என்றார். இரண்டு முறை, "அப்புறமா வர்றேங்க" என்று கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். நேற்று போடச் சொன்னேன்.

திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். கலமும் இல்லை, வானமும் இல்லை. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்து நீங்கள் வந்தீர்கள். "பயப்படாத புள்ள. பொம்மைதான். மேல நூலு தெரியுதா..."

அதோடு நாடா அறுந்தது. அதுவரைக்கும் பதிவானதை என் போனில் ஏற்றிக் கொடுத்தார். அதைத்தான் இடுப்பில் செருகிக்கொண்டு அலைகிறேன்.

"படம் ஒண்ணுமே தெரியலையேம்மா" என்று அவர் வருத்தப்பட்டார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. உங்களுக்குத்தான் பதில் சொன்னேன்.

"தெரியுதுங்க."