மூன்றாம் குவியல்

ஏப்ரல் 8, 2025
பக்கவாதம் வந்து மூன்று மாதம். இடது கையில் இன்னும் எறும்பு ஊர்கிறது. எழுதுவது வலது கை என்பதால் தப்பித்தேன். இன்று தலையை ஸ்கேன் எடுத்தார்கள். "அசையாம படுங்க அத்தா" என்று மகள் பாஸிலா பத்து முறை கெஞ்சினாள். குழாய்க்குள், எங்கள் தோல்ஷாப்பில் தோல் பதனிடும் டிரம் சுற்றுகிற அதே சத்தம். கண்ணயர்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 11
டாக்டரம்மா படத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் என் மூளை. அங்கங்கே வெள்ளைத் திட்டு.
"இதெல்லாம் ஸ்ட்ரோக்குக்கு முன்னாடியே இருந்த சேதம். இப்படி இருக்கிறவங்களுக்கு ரெண்டு மூணு வருஷத்துல ஞாபகம், முடிவெடுக்கிறது எல்லாம் குறைய வாய்ப்பு அதிகம்."
நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். போதும் என்றபோதும் நிறுத்தாமல் இரண்டு வரை போனேன். "பெறகென்ன குறை?" என்றேன்.
"இன்னைக்கு இல்லைங்க. படம் நாளைக்கு உள்ளதைச் சொல்லுது. நூறு பேர்ல பல பேருக்கு அப்படி ஆகுது."
"அந்த நூறுல நான் எத்தனாவது ஆளு?"
சிரித்தார். பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஏப்ரல் 12
பகல் தூக்கத்தில் என் தலைக்குள் நடந்தேன். பெரிய முற்றம். தரையெங்கும் உப்பு. எங்கள் ஊர்ச் சிறுமலையிலிருந்து இறங்கின மேகம் முழங்கால் வரை. யாருமே இல்லை. அழகாகத்தான் இருந்தது. விழித்த பிறகுதான் கோபம் வந்தது.

ஏப்ரல் 20
ஏன் கோபம்? நாற்பத்தொரு வருடமாக நானும் இதே வேலையைத்தானே செய்தேன். உப்புப் போட்ட ஆட்டுத்தோலை விரித்துத் தடவி, பதனிட்டால் எப்படி வரும் என்று முடிவு செய்து வீசுவேன். ஒன்றாம் குவியல், இரண்டு, மூன்று. யாரும் சொல்லித் தரவில்லை. கை தானே படித்துக்கொண்டது. பெரும்பாலும் பலித்தது.
ஆனால் மூன்றாம் குவியலை எவனும் பார்த்து ஊறப்போட மாட்டான். மிஞ்சிய தண்ணீர், பதனிட மிஞ்சிய மரப்பட்டை. மூன்றாம் தரமாக வராமல் வேறெப்படி வரும்? நான் சொன்னபடி ஆனதா, நான் சொன்னதால் ஆனதா?

ஏப்ரல் 23
கண்ணாடி எங்கே என்று கேட்டேன். பாஸிலாவும் அவள் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முப்பது வருடமாக நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்!

மே 14
முதலாளி யாசின் வீட்டுக்கு வந்தான். சின்னப் பிள்ளையாக என் தோளில் ஏறியவன்.
"பக்ரீத் முடியட்டும் மாமு. அதுவரைக்கும் ரெஸ்ட் எடுங்க. மைதீன் மாமு பாத்துக்குவாரு."
மைதீன் பிச்சை என் மச்சினன். அவனும் தரம் பிரிக்கிறவன்தான். பக்ரீதுக்குத்தான் தோல் மலையாக வந்து இறங்கும். அப்போது நான் பாயில் கிடப்பதா? படத்தைப் பற்றிப் பாஸிலா இவனிடம் சொல்லியிருக்கிறாள்.
"ஏலே, என்னய மூணாம் குவியல்ல வீசிட்டீகளா?"
தரையைப் பார்த்தான். "சரி, வாங்க மாமு."

ஜூன் 8
நேற்றுப் பெருநாள். இன்று லாரி லாரியாகத் தோல். மைதீன் பிச்சை விரித்தான், நான் தடவி வீசினேன். கூரை ஓட்டை வழியே வெயில் ஒரு கயிறு மாதிரி இறங்கியது. உப்புத்தூள் அதில் மிதந்தது. தூக்கத்தில் நடப்பவன் போல் கை தானாகப் போய்வந்தது. படம் எடுத்தவர்கள் வந்து பார்க்கட்டும்.

ஜூன் 12
சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுச் சீக்கிரம் திரும்பினேன். மைதீன் பிச்சை என் ஒன்றாம் குவியலிலிருந்து ஒரு தோலை உருவி மூன்றில் போட்டான்.
"எம்புட்டு நாளா நடக்குது இது?"
"மொத நாள்ல இருந்து மச்சான்."
"எத்தனை?"
"பத்துக்கு ஒண்ணு. செல நேரம் ரெண்டு."
அந்தத் தோலை வாங்கித் தடவினேன். கழுத்தோரம் கத்திவெட்டு, விரல் நுழைகிற அளவு. இதை எப்படி நான் — என் கை இதைத் தொட்டதுதானே? தொட்டும் எனக்கு ஏன் சொல்லலை?

ஜூன் 13
போகவில்லை.

ஜூன் 16
நானாகவே டாக்டரம்மாவிடம் போனேன். "முன்கூட்டியே சொல்லி என்னம்மா பிரயோசனம்? ஓரமா வீசுறதுக்கா?"
"வீசுறதுக்கு இல்லைங்க. யாரைக் கூடுதலாக் கவனிக்கணும்னு தெரிஞ்சுக்கத்தான். பிரஷர் மாத்திரையை விடாதீங்க, நடங்க. வேலைக்கும் போங்க, கூட ஒரு ஆளை வச்சுக்கிட்டு."
மூன்றாம் குவியலுக்கு நல்ல தண்ணீர்! இத்தனை வருடத்தில் எங்கள் ஷாப்பில் யாருக்கும் தோன்றாதது. எனக்கும்தான்.

ஜூன் 18
மைதீன் பிச்சையிடம் சொல்லிவிட்டேன். "மாத்திப் போடு. ஆனா என் கண்ணு முன்னால போடு. ஏன்னு சொல்லிட்டுப் போடு."
"சண்டைக்கு வருவீங்க மச்சான்."
"வருவேன்."

ஜூலை 3
இன்று மூன்று தோலை மாற்றினான். இரண்டுக்கு நான் வாய் திறக்கவில்லை. மூன்றாவதற்கு மதியம் லுஹர் பாங்கு சொல்லும் வரை சண்டை. கடைசியில் அவனே இன்னொரு முறை தடவிப் பார்த்து, "ஒண்ணாம் குவியல்தான் மச்சான்" என்று எடுத்த இடத்திலேயே போட்டான்.
சாப்பிட்டுவிட்டு வந்தபோது அது எந்தத் தோல் என்று எனக்கு நினைவில்லை. ஜெயித்தது நினைவிருக்கிறது.