முழங்கையில் தேய்த்த பொய்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் சௌக்கியம்.

பழைய போர் விமானிகள் அணிந்த தோல் ஜாக்கெட்டைப் போலவே இங்கே புதிதாகத் தைக்கிறோம். பழுப்புத் தோல்மேல் பூசிய கறுப்புச் சாயத்தை ஜாக்கெட்டின் முழங்கைப் பக்கம் தேய்த்துப் பழசாக்குவது என் வேலை. போன வாரம் பட்டறை முன்னால் உள்ள எங்கள் கடைக்கு வந்த பெரியவர் அதிலொன்றைத் தடவிப் பார்த்து, போரில் விமானத்தோடு எரிந்துபோன தன் அண்ணனை நினைத்து அழுதார்.

முதலாளி வாய்கூசாமல், “இது நெஜமாவே ஒரு விமானி போட்டதுங்க” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பொய்ங்க ஐயா! திங்கக்கிழமை நான்தான் உப்புத்தாளால தேய்ச்சேன்” என்று கத்திவிட்டேன்.

“நல்லவேளை, சொன்னியேம்மா” என்று பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

பயப்படாதே, வேலை போகவில்லை. சாயத்தொட்டிக்கு மாற்றியிருக்கிறார்கள். விரல் வெடிக்கிறது, களிம்பு அனுப்பு. உன் பழைய புடவை ஒன்றும் வை, போர்த்திக்கொள்ள. மன்னிப்புக் கேட்டால் முதலாளி பழைய இடம் தருவாராம். அவர்தான் அந்தப் பெரியவரிடம் கேட்க வேண்டும். நான் கேட்க மாட்டேன். மணி அடித்துவிட்டது.

உன் மகள்