மேடையில் போர்த்திய துண்டுகள்

குன்னம், 9 சனவரி 1978

அரியலூர்க் கூட்டம் முடித்து முதற்பேருந்தில் திரும்பினேன். மலர்கொடிக்கு மீண்டும் இழுப்பு. நேற்று என் பேச்சுக்கு இளைஞர்கள் அடித்த அதே சீழ்க்கை, என் மகளின் நெஞ்சுக்குள். ஈராண்டுக்கு முன் இழுப்பிலேயே போன என் மனைவி சானகியின் நெஞ்சிலும் இப்படித்தான் ஒலித்தது.

அக்கா காத்தாயி பொரிந்தாள்: "நீ வூட்டுல இருந்தா புள்ள நல்லாத்தான் இருக்கா. நீ மைக்கப் புடிக்கக் கெளம்பினா இழுக்குது. அப்பன் ஏக்கம்டா!"

26 சனவரி

வந்த கூட்டங்களையெல்லாம் மறுத்துவிட்டேன். இழுப்பு இல்லை. என் மகளை வருத்தியது என் புகழ்தானா?

2 பிப்பிரவரி

பெரம்பலூரில் மருத்துவர் சபியுல்லாவைப் பார்த்தோம். மலர்கொடியின் முன்கையில் சொட்டுச் சொட்டாய் ஏதேதோ இட்டு ஊசியால் கீறினார். வீட்டுத்தூசிச் சாறு பட்ட இடம் மட்டும் கொசுக்கடிபோல் தடித்தது.

"ஏக்கமெல்லாம் இல்லீங்கய்யா. ரத்தத்துல ஒரு எதிர்ப்பொருள் காவலுக்கு நிக்குது. தூசியக் கண்டதும் எதிரி வந்துட்டான்னு கூச்சல் போடுது. மூச்சுக்குழலச் சுத்தியிருக்கற தசை உடனே இறுக்கிப் புடிச்சிக்குது. அப்புறம் குளுந்த காத்துக்குங்கூட இறுக்கும்."

எதிரி, காவல் — மேடைதோறும் நான் முழங்கும் சொற்கள்.

"அத்தசைக்கு ஆணையிட இயலாதா?"

"ஊரே கேக்குற உங்க பேச்ச அது கேக்காதுங்க" என்று சிரித்தார். "புள்ள எதுல படுக்குது?"

மலர்கொடி முந்திக்கொண்டாள்: "அப்பா துண்டுலதான்! அப்பா ஊருக்குப் போனா பெட்டியத் தொறந்து எல்லாத்தையும் விரிச்சிப்பேன். அப்பா வாசன வரும்."

மேடையில் எனக்குப் போர்த்திய துண்டுகள். பெருமை கரைந்துவிடும் என்பதுபோல் ஒன்றையும் வெளுக்க விட்டதில்லை. ஆண்டுக்கணக்கில் தூசி.

3 பிப்பிரவரி

சானகியின் தலைமாட்டிலும் அந்தப் பெட்டிதான் இருந்தது.

10 பிப்பிரவரி

அக்கா துண்டுகளை அவித்து வெளுத்து, வெங்காயக்காட்டுப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டாள். பெட்டியை விறகாக்கினேன்.

20 பிப்பிரவரி

நேற்று செயங்கொண்டத்தில் பேசினேன். கூட்டத்தை நடத்திய வீரமுத்து எனக்குப் போர்த்தத் துண்டோடு வந்தார். கைகூப்பி விலக்கினேன். "தலைவருக்கு நம்ம துண்டு ஆவாதோ?" என்று ஒலிபெருக்கியிலேயே கேட்டுவிட்டார். மீண்டும் கைகூப்பிவிட்டு மேடையிறங்கினேன்.

விடிந்து வீடு சேர்ந்தேன். மலர்கொடி வெறும்பாயில் உறங்கிக்கொண்டிருந்தாள். சீழ்க்கை இல்லை.

சானகிக்கும் கடைசியில் சீழ்க்கை நின்றது. நலமாயிற்று என்றே அன்று நம்பினோம்.

மூக்கருகே புறங்கையை வைத்தேன். வெதுவெதுப்பு.

"கூசுதுப்பா, கையெடு" என்று திரும்பிப் படுத்தாள்.

எடுத்தேன். சற்றுப் பொறுத்து, மீண்டும் வைத்தேன்.