தெரியாத சொல்லுக்கு அக்கம்பக்கம்

அன்புள்ள துரைக்கு,

இங்கே நானும் உன் பெண்டாட்டியும் நலம், தையல் மிஷின் இரண்டும் நலம், என் முழங்கால் மட்டும் வழக்கம்போல என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது. நீ நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரல் எண்ணெய் போட்ட மிஷின் மாதிரி ஓடியதைக் கேட்டேன், அதனால் நீ ரொம்பவே நலம் என்று நானே முடிவு செய்துவிட்டேன். பெண்டாட்டி மூன்றாவது தடவையும் இங்கிலீஷ் பரீட்சையில் தோற்றுவிட்டாள் என்று கேட்ட புருஷனுக்கு அப்படி ஒரு குரல் வரும் என்று இத்தனை வயதாகியும் எனக்குத் தெரியாமல் போயிற்று. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும், கிழிப்பதற்கு முன்னால் பாதியாவது படித்திருப்பாய். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, எழுத்து கோணலாக இருந்தால் தலையைச் சாய்த்துப் படி, உனக்குத் தலை சாய்க்க வராது என்றாலும் பழகிக்கொள்.

முதலில் உன் பெண்டாட்டி எப்படிப் படித்தாள் என்று சொல்கிறேன், நீ ஒரு நாளும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை முடிந்து வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, நான் துணி வெட்டுகிற மேஜையில் பள்ளிக்கூடச் சட்டைகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு உட்காருவாள். நீ இருக்கும் ஊருக்கு வந்து உன்னோடு குடும்பம் நடத்தவும் அங்கே நர்ஸாக வேலை பார்க்கவும் அந்தப் பரீட்சை தேற வேண்டும் என்று சொன்னது நீதான். பேசுவதில் தேறினாள், எழுதுவதில் தேறினாள், ரீடிங் மட்டும் காலை வாரிக்கொண்டே இருந்தது. தெரியாத சொல் ஒன்று வந்தால் போதும், இவள் அங்கேயே நின்றுவிடுவாள், வெள்ளைச் சட்டையில் கறை பட்டதுபோல அதையே தேய்த்துக்கொண்டிருப்பாள், அதற்குள் மணி அடித்துவிடும். சரி, எல்லாச் சொல்லையும் தெரிந்துகொண்டுவிடுகிறேன் என்று டிக்ஷனரியை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தாள். நான் சும்மா இருப்பேனா, டிக்ஷனரி அம்மாள் என்று பேர் வைத்துவிட்டேன். இரண்டாம் தடவை தோற்றுவிட்டு வந்து வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள், நான் மிஷினை நிறுத்தாமலேயே, "உள்ள வாங்க டிக்ஷனரி அம்மா, தோத்துப் போறதுக்கு இங்கிலீஷ்ல எத்தனை சொல்லு இருக்குன்னு ஒப்பிச்சிட்டு அப்புறம் சாப்பிடுங்க" என்றேன். அழுதுகொண்டே ஒப்பித்தாள். நான் சிரித்த சிரிப்பில் ஊசி உடைந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரிதான் நீ போன் செய்து, "அவளைப் போட்டுப் படுத்தாதம்மா, அவளுக்கு ரீடிங் வராது, வீணா மனசுதான் கெடும், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாய். என் பிள்ளைக்கு எவ்வளவு நல்ல மனசு, எனக்குத்தான் கல் மனசு என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

அப்புறம்தான் அவளைக் கோச்சிங் மாஸ்டர் ஒருத்தர் பிடித்துக்கொண்டார். நடுவில் மூச்சு விடுவாரே தவிர முற்றுப்புள்ளி வைக்க மாட்டார், அதனால் பிள்ளைகள் அவரைக் கமா மாஸ்டர் என்பார்களாம். அவர் முதல் நாளே டிக்ஷனரியைப் பிடுங்கித் தன் மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். "தெரியாத சொல்லைப் பாத்து முழிச்சிக்கிட்டு நிக்காதம்மா, தாண்டிப் போயி அக்கம்பக்கத்துல விசாரி, அதுக்கு முன்னாடி என்ன நடக்குது, பின்னாடி என்ன நடக்குது, அந்த இடத்துல சிரிக்கிறாங்களா அழுவுறாங்களான்னு பாரு, அது தானா தன்னைக் காட்டிக் குடுத்துரும்" என்றாராம். அதோடு இன்னொன்றும் சொன்னாராம், அது பிறகு வருகிறது. வீட்டுக்கு வந்து என்னை வைத்துப் பழகினாள். இங்கிலீஷில் இருப்பதைத் தமிழில் எனக்குச் சொல்லிக்கொண்டே போவாள், தெரியாத சொல் வரும் இடத்தில் "ம்ம்" என்பாள், அது என்னவாக இருக்கும் என்று நாங்கள் இரண்டு பேரும் யோசிக்க வேண்டும். ஒரு நாள் ஒரு அணைக்கட்டுக் கதை. இன்ஜினியர் சுவரில் ஒரு ம்ம் பார்த்தார், பார்த்ததும் முகம் வெளுத்துப்போய்க் கீழே இருக்கிற ஊரையெல்லாம் காலி பண்ணச் சொன்னார். நான் சட்டென்று, "பேய்" என்றேன். "அத்தை, அதுக்குப் பின்னாடி தண்ணி கசிஞ்சுதுன்னு வருதே" என்றாள். "இவ்வளவு பெரிய சுவத்துல தனியா நின்னா பேய்க்கும் அழுகை வராதா" என்றேன். "பேய்க்கு யாராச்சும் சிமெண்டு பூசுவாங்களா அத்தை, விரிசல்" என்றாள். நான் சொன்னது ஒன்றுகூட சரியாக வந்ததில்லை, தேனீயைத் திருடன் என்றேன், பஞ்சத்தைக் கல்யாணம் என்றேன். அவளுக்குத்தான் மெல்ல மெல்லக் கை வந்தது. நின்று தேய்க்கிற பழக்கம் போயிற்று.

இப்போது உன் கதைக்கு வருகிறேன், நிமிர்ந்து உட்கார். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் போனைப் பொத்தான் டப்பாவில் சாய்த்து வைத்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாங்கள் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருப்போம், நீயும் உன் பாட்டுக்கு அங்கே ஏதோ சமைத்துக்கொண்டு பேசுவாய். மிஷின் சத்தத்தில் இதுகளுக்கு என்ன கேட்கப் போகிறது என்று உனக்கு வருஷக்கணக்காக ஒரு தைரியம். கேட்டாலும் அந்த ஊர்ப் பாஷை இதுகளுக்குப் புரியாது என்று இன்னொரு தைரியம். சில மாசத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு கையால் ஓரம் தைக்கிற வேலை, மிஷின் ஓடவில்லை. உன் பக்கத்தில் ஒரு சின்னக் குரல் ஏதோ ஒரு சொல்லைச் சொன்னது, இங்கிலீஷும் இல்லை, நமக்குத் தெரிந்த எந்தப் பாஷையும் இல்லை. நீ உடனே போனுக்குத் தூரமாய்ப் போய், குரலை இறக்கி, "இதோ வந்துட்டேன்டா கண்ணு" என்றாய். திரும்பி வந்து, "டிவிம்மா" என்றாய். டிவிக்கு யாரடா கண்ணு என்று பதில் சொல்வான்? உன் பெண்டாட்டி ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, நீ போனை வைத்த பிறகு என்னைப் பார்த்து, "அத்தை, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்னு நினைக்கிறீங்க" என்றாள். பக்கத்து வீட்டுக் குழந்தையாக இருக்கும் என்றேன், அவனோடு தங்கியிருப்பவனுடைய குழந்தையாக இருக்கும், வழி தெரியாமல் வந்த குழந்தையாக இருக்கும் என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அப்போதுதான் அவள் மாஸ்டரின் அந்த இன்னொன்றைச் சொன்னாள். "பத்தியில இருக்கிறதைத்தான் எடுக்கணும் அத்தை, நம்ம ஆசையை உள்ள போடக் கூடாது, போட்டா மார்க் போயிடும்." பெற்றவளிடம் இப்படிப் பேசலாமா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, "புருஷனைச் சந்தேகப்படுறதுக்கா கோச்சிங் கிளாஸ் போறே, அதுக்கெல்லாம் சர்டிபிகேட் குடுக்குறாங்களா" என்று கத்தினேன். அவள் ஊசியை எடுத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த ஞாயிறும் அதே சொல். முன்னால் கரண்டி விழுகிற சத்தம், பின்னால் உன் சிரிப்பு, கூடவே ஒரு பொம்பளைக் குரல் அதே சொல்லைச் சொல்லி உன்னைக் காட்டிக் கொடுத்தது. எனக்கு அப்போதும் ஆசை விடவில்லை, கூடத் தங்கியிருப்பவனின் குடும்பம் என்றே சாதித்தேன். அதற்கும் அடுத்த ஞாயிறு அந்தக் குழந்தை அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, தெளிவாக, நம் தமிழில், "தூக்கு" என்றது. உன்னோடு தங்கியிருப்பவனின் குழந்தைக்குத் தமிழில் யாரடா தூக்கு என்று சொல்லிக் கொடுத்தது? எந்தப் பாஷையாக இருந்தாலும் அப்பனைத்தானே குழந்தை அப்படிக் கூப்பிடும். உன் பெண்டாட்டி என்னைப் பார்க்கவே இல்லை, காலர் ஒன்றைத் தலைகீழாய் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஒன்று சொல்கிறேன், அந்தச் சத்தம் என் காதுக்கு ஒரு நொடி இனித்தது. அந்த ஒரு நொடிக்கு உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தை எழுதுவதற்கு மூன்றாம் வகுப்புப் படிப்பு போதாது.

சண்டைக்கு வருவாள், கூப்பிட்டுக் கேட்பாள், மூட்டை கட்டுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் போய்ப் பரீட்சைக்கு மறுபடியும் பதிந்துவிட்டு வந்தாள். "யாருக்காகடி இனிமே படிக்கிறே, அங்கதான் இடம் நெறஞ்சு போச்சே" என்று நான் கேட்டேன், என் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. "ரீடிங் எனக்கு இப்பதான் புரிய ஆரம்பிச்சிருக்கு அத்தை, பாதியில விட முடியாது" என்றாள். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் உன்னிடம் நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா என்று கேட்டுக்கொண்டே உன்னைப் பத்தி பத்தியாகப் படித்தாள். நீ எந்த இடத்தில் இருமுகிறாய், எந்தக் கேள்விக்குக் குழாயைத் திறந்துவிடுகிறாய், "அடுத்த வருஷம்" என்பதற்கு முன்னால் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறாய், எல்லாவற்றையும். நானும் கூடவே உட்கார்ந்து உன்னோடு கொஞ்சிப் பேசினேன். அவ்வளவு நாளும் உனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை பார், உன்னை எந்தப் பரீட்சைக்கும் அனுப்ப முடியாது.

போன ஞாயிறு காலையில்தான் ரிசல்ட் வந்தது. தேறிவிட்டாள். எல்லாவற்றையும்விட ரீடிங்கில்தான் அதிக மார்க்காம், கமா மாஸ்டர் போனிலேயே அழுதுவிட்டார், முதல் தடவையாக ஒரு முற்றுப்புள்ளி வைத்தாராம். சாயங்காலம் நீ கூப்பிட்டதும் அவள் என்னைக் கேட்காமலே, "ஃபெயில் ஆயிட்டேங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் விரலை வாயில் வைத்துக் காட்டிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நீ ஒரு நீளமான மூச்சு விட்டாய், அது போனில் புஸ்ஸென்று கேட்டது. "அதனால என்ன, போனா போகட்டும், மனசை விட்டுராத" என்றாய், உன் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு அன்பாய் நீ அவளிடம் பேசியதில்லை. என்னிடம், "நான்தான் சொன்னேனேம்மா, அவளுக்கு வராதுன்னு" என்றாய். அப்புறம் போனை வைக்க மறந்துவிட்டு விசிலடித்துக்கொண்டே உள்ளே போனாய். நாங்கள் இரண்டு பேரும் அந்த விசிலை முழுசாகக் கேட்டோம். அவள்தான் எழுந்து போனை அணைத்தாள். "இதுக்கு அக்கம்பக்கம் பாக்க வேண்டாம் அத்தை, நேராவே புரியுது" என்றாள். நான் அதுவரை உனக்காக ஒரு சந்து விட்டு வைத்திருந்தேன், தாய் அல்லவா, ஒருவேளை அவன் மனசு உடைந்து போவான், அழுவான், எல்லாவற்றையும் சொல்லிவிடுவான் என்று. உன் விசில் அதை அடைத்துவிட்டது.

இனி நடக்கப் போவதையும் கேட்டுக்கொள். மார்க் வந்தால் போதும் என்று முன்பே பேசி வைத்திருந்த வேறொரு நாட்டு ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை உறுதியாயிற்று. உன் ஊருக்கு அது பக்கம்கூட இல்லை, தேடிப்பார்த்து நேரத்தை வீணாக்காதே. வக்கீலிடமும் போய் வந்துவிட்டோம், நானும்தான் போனேன், எனக்குத் தெரிந்ததை நானும் சொல்வேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தாயே இப்படியா என்று வக்கீலம்மா கேட்டார், என் பிள்ளை தைத்துக் கெடுத்ததை நான்தானே பிரிக்க வேண்டும் என்றேன். அவள் போன பிறகு இந்த வீட்டில் நானும் இரண்டு மிஷினும்தான், ஒன்றை மிதிக்க ஆள் இருக்காது. அதற்காக என்னை அங்கே கூப்பிட்டுவிடாதே, அந்தப் பெண்ணுக்கு மாமியாராக வந்து உன்னைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அவளுக்கு நீ எதைச் சொல்லி எதை மறைத்திருக்கிறாயோ, அவளும் பாவம், அவளுக்கும் ஒரு கமா மாஸ்டர் கிடைக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை இனிமேல் போன் செய்ய வேண்டாம், நான் எடுக்க மாட்டேன். சமைக்கும்போது குழந்தையை அடுப்புப் பக்கம் விடாதே, உனக்குப் பேச்சு வந்தால் கண் தெரியாது. குழந்தை ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியவில்லை, எதுவானாலும் என் ஆசீர்வாதம் முழுவதும் அதற்குத்தான், நல்ல உடம்போடும் நல்ல காதோடும் வளரட்டும். உனக்கென்று எதுவும் மிச்சமில்லை. ஒன்றே ஒன்றை மறக்காதே, தூக்கு என்று சொல்லிக் கொடுத்த வாயால் "இறக்கிவிடாதே" என்றும் சொல்லிக் கொடுத்து வை, உன்னிடம் வளர்கிற பிள்ளைக்கு அது சீக்கிரம் தேவைப்படும்.

இப்படிக்கு,
அவளுடைய அத்தை