மேல்வீட்டு மரத்துப் பழம்

கீழ்வீடு,
மேல் டிவிஷன், மஸ்கெலியா.
12.05.2024

மேல்வீட்டு நாகலெட்சுமி அம்மாவுக்கு,

கீழ்வீட்டு மனோரஞ்சிதம் எழுதிக்கொள்வது. சுகம் விசாரிக்க எழுதவில்லை. கோயிலடியில் நாம் இரண்டு பேரும் கத்தியது போதும், இனி எதுவானாலும் வாயைத் திறக்காமல் எழுதிக் கொடுத்துக்கொள்ளுங்கள் என்று தோட்டத் தலைவர் இராமையா சொல்லிவிட்டார். அவர் பேச்சுக்காகத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

உங்கள் பட்டர்ப்ரூட் மரம் இந்த வருஷமும் காய்த்துத் தள்ளியிருக்கிறது. வேர் உங்கள் பக்கம், கிளையில் பாதி எங்கள் கூரைக்கு மேலே. ஒவ்வொரு பழமும் தகரத்தில் விழும்போது யாரோ கல்லால் அடிப்பது மாதிரி இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் இருதய வருத்தக்காரர் என்பது உங்களுக்குத் தெரியும். படுத்திருக்கிற மனுஷர் திடுக்கிட்டு எழும்பி நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார்.

தகரத்தில் விழுந்தது உருண்டு பின்வாசல் படியில் நசுங்குகிறது. கூட்டினால் விளக்குமாற்றில் களி மாதிரி அப்பிக்கொள்கிறது. ஈ ஒரு பக்கம். அழுகின வாடைக்குக் காட்டுப்பன்றி இறங்கி வந்து, நான் போட்டிருந்த போஞ்சிப் பாத்தியைக் கிளறிவிட்டுப் போய்விட்டது.

அந்தப் படியில் கால் வைக்க எங்கள் வினோதா பயப்படுகிறாள். ஏன் பயப்படுகிறாள் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டுக்கு மருமகளாக ஏறி வந்த பிள்ளை, போன வருஷத்திலிருந்து ஏன் தாய்வீட்டில் இருக்கிறாள் என்பது தோட்டத்துக்கே தெரியும்.

மரத்தை வெட்டுங்கள். வேறு பேச்சில்லை.

மனோரஞ்சிதம்

மேல்வீடு
14.5.2024

சம்பந்தியம்மாவுக்கு,

நாகலெட்சுமி எழுதுறது. நீங்க யாரோ மாதிரி ‘அம்மா’ன்னு எழுதினாலும் நான் சம்பந்தின்னுதான் எழுதுவேன். எம்மகன் பிரதாப் கட்டின தாலி இன்னும் உங்க மக கழுத்துலதான் கெடக்கு.

நீங்க தோட்டத்துப் புள்ளைங்களப் பாத்துக்குற புள்ளமடுவத்துல ஆயாவா இருந்தவங்க, எழுத்து முத்து முத்தா இருக்கு. நான் கொழுந்து பறிச்ச கையி. கோணலாத்தான் வரும். சிரிச்சுக்கிட்டே படிங்க.

கல்யாணம் பேசி முடிச்ச அன்னிக்கு அந்த மரத்தடியிலதான் நீங்களும் உங்க வீட்டுக்காரரு தங்கவேலு அண்ணனும் உக்காந்து சீனி போட்டுப் பழம் தின்னீங்க. இந்த ருசி டவுன் கடையில இல்லன்னு நீங்கதான் சொன்னீங்க, நான் சொல்லல. அப்ப இனிச்சது இப்ப களியாப் போச்சோ? எந்தப் பக்கம் விழணும்னு பழத்துக்குச் சொல்லிக் குடுக்க எனக்குத் தெரியாது. பன்னி எங்க கெழங்கையுந்தான் தின்னுச்சு. நான் யாருக்கு எழுதுறது?

மரத்த வெட்ட மாட்டேன். அதுக்குப் பதிலா ஒண்ணு செய்றேன். பிரதாப் காலையில ஹாட்வெயார் கடைக்கு வேலைக்குப் போறதுக்கு முன்ன உங்க பின்வாசலுக்கு வந்து, விழுந்து கெடக்குறதப் பொறுக்கிக் கூட்டிட்டுப் போவான். தலைவர்கிட்டயும் சொல்லியாச்சு. அவரு அதுதான் நியாயம்னு சொன்னாரு.

அண்ணனுக்கு மருந்து தவறாமக் குடுங்க. உங்க மேல இருக்குற கோவத்துல அதச் சொல்லாம விட முடியாது.

நாகலெட்சுமி

கீழ்வீடு
02.06.2024

மேல்வீட்டு நாகலெட்சுமி அம்மாவுக்கு,

உங்கள் மகன் தினமும் வருகிறார். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஐந்து பழத்தைப் பொறுக்க ஒரு மனுஷனுக்கு இவ்வளவு நேரம் எடுக்காது. கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டுகிறார். நேற்று மரத்தை உலுக்கியதை நான் ஜன்னலால் பார்த்தேன். விழாத பழத்தை விழவைத்துப் பொறுக்குகிற கூட்டல் எந்த ஊரில் இருக்கிறது?

வினோதாவும் அந்த நேரம் பார்த்துத்தான் உடுப்புத் துவைக்கப் போகிறாள். இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசுகிறார்கள். நான் போனால் நிறுத்திக்கொள்கிறார்கள். அவள் கண் சிவந்திருக்கிறது. இந்த நாடகம் எனக்கு வேண்டாம். மகனை அனுப்பாதீர்கள்.

நாங்கள் சீனி போட்டுத் தின்றதை நினைவுபடுத்தினீர்கள். நானும் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். போன வருஷம் ஆனி மாதம், விடாத மழை. நாலு மாதப் பிள்ளைத்தாய்ச்சியை, விழுந்த பழத்தைப் பொறுக்கி வா என்று வெளியே அனுப்பினீர்கள். அழுகின பழத்தில் கால் வைத்து வழுக்கி விழுந்தாள். பிள்ளை போய்விட்டது. இதை நான் கோயிலடியிலும் சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன். அந்தப் பழம்தான் என் பேரப்பிள்ளையைக் கொன்றது. அந்த மரத்தை இன்னும் நிற்க வைத்திருக்கிற உங்கள் நெஞ்சு எதனால் செய்தது என்று எனக்குத் தெரியவில்லை.

மனோரஞ்சிதம்

மேல்வீடு
3.6.2024

சம்பந்தியம்மாவுக்கு,

உங்க காயிதத்த ரெண்டு தடவ படிச்சேன். கோவத்துல எழுதுறேன், எழுத்து இன்னும் கோணலா இருக்கும்.

நான் அனுப்பல. வெளிய போகாத தாயி, படி வழுக்கும்னு சொன்னேன். நான் அடுப்படியில இருந்தேன். அவளாத்தான் எறங்கிப் போனா. விழுந்த சத்தம் கேட்டு ஓடுனேன். நானும் பிரதாப்பும்தான் தூக்கிட்டு வந்தோம். தோட்டத்து லொறியில டவுன் ஆஸ்பத்திரி வரைக்கும் அவ தல எம்மடியிலதான் இருந்துச்சு. வார்டுக்கு வெளிய நான் நின்னுக்கிட்டிருந்தப்ப நீங்க வந்தீங்க. என்ன ஏதுன்னு கேக்கல. ‘எம்மகள வேலக்காரியா ஆக்கி வயித்துப் புள்ளையக் கொன்னுட்டியே’ன்னு அத்தன சனத்துக்கு முன்னால சொன்னீங்க. அன்னிக்கு வரைக்கும் என்ன நீ, வா, போன்னு யாரும் பேசினதில்ல.

என் பேரப்புள்ள, என் பேரப்புள்ளங்கிறீங்களே. எனக்கு அது யாரு?

மரத்த ஏன் வெட்டலன்னு கேட்டீங்க. வெட்டினா நீங்க சொன்னது உண்மைன்னு ஆயிரும். நாகலெட்சுமி குத்தத்த ஒத்துக்கிட்டா, அதான் வெட்டிட்டான்னு தண்ணி புடிக்கிற பைப்படியில பேசுவாங்க. செய்யாத குத்தத்த நான் ஏன் ஒத்துக்கணும்? அந்த மரம் நிக்கும்.

பிரதாப்ப அனுப்பல. நாளையிலேருந்து நானே வந்து கூட்டுறேன். என்ன எப்படி வெரட்டுறீங்கன்னு பாக்குறேன்.

நாகலெட்சுமி

கீழ்வீடு
16.06.2024

நாகலெட்சுமி அம்மாவுக்கு,

நீங்கள் வருகிறீர்கள், குனிந்து கூட்டுகிறீர்கள், போகிறீர்கள். முழங்கால் நோவோடு அந்தப் படியில் இறங்கி வருவது எனக்குக் காட்டுவதற்காக என்று தெரியும். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் இன்று காலை நடந்ததைப் பொறுக்க முடியாது. வினோதா வாளியைக் கொண்டுவந்து உங்கள் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். நீங்கள் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டீர்கள். உள்ளே வாடி என்று கூப்பிட்டேன். என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்து, ‘அம்மா, அவங்களக் கூட்ட விடுங்க’ என்றாள். என்னை எதிர்த்து அவள் பேசினதே கிடையாது. நீங்களும் உங்கள் மகனும் சேர்ந்து அவள் மனதைக் கலைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி எங்கள் பின்வாசலுக்கு வராதீர்கள். பழம் விழுந்து அழுகிக் கிடக்கட்டும். ஆடிப்பூசைக் கூட்டத்தில் தலைவருக்கும் கோயில் கமிட்டிக்கும் முன்னால் எல்லாவற்றையும் திரும்பச் சொல்லப்போகிறேன். கொலைகார மரம் என்று சொல்லப்போகிறேன். அப்போது தோட்டமே வந்து வெட்டும்.

மனோரஞ்சிதம்

மேல்வீடு
25.6.2024

சம்பந்தியம்மாவுக்கு,

நிம்மதியா இருக்கீங்களா? நேத்துக் காலையில பிரதாப்போட உடுப்புப் பேக்கக் காணோம். கடைக்குத்தான் போயிட்டானாக்கும்னு இருந்தேன். மத்தியானம் போன் வந்துச்சு. ஹட்டன்ல ஒரு ரூம் எடுத்திருக்கானாம். வினோதாவும் கூட இருக்காளாம். மேல்வீடும் வேணாம் கீழ்வீடும் வேணாம், கூப்புடுறப்ப வாங்க, அதுவரைக்கும் வராதீங்கன்னு சொல்லிட்டு வச்சிட்டான். திரும்ப எடுத்தா எடுக்கல.

அதுக எங்கயோ நல்லா இருக்கட்டும். ஆனா எங்கிட்ட இருந்து ஒரே புள்ளயும் போனதுக்கு நீங்க ஒரு வருஷமா என்மேல பூசின சேறுதான் காரணம். அத இனி தொடச்சே ஆகணும்.

ஆடிப்பூசக் கூட்டத்துல பேசப்போறேன்னு எழுதுனீங்கள்ல? பேசுங்க. அதுக்கு முன்ன நான் தலைவரக் கூட்டிக்கிட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போறேன். அன்னிக்கு வார்டுல இருந்த நர்ஸம்மா நம்ம தோட்டத்துப் பொன்னையா மக. வழுக்கி விழுந்ததாலதான் புள்ள போச்சா, இல்ல வேற என்னன்னு தலைவருக்கு முன்னால வச்சே கேப்பேன். அந்தப் பொண்ணு சொல்றத எல்லாருக்கும் முன்னால சொல்லுவேன். வர்ற வெள்ளிக்கெழம போறோம்.

நாகலெட்சுமி

கீழ்வீடு
26.06.2024

சம்பந்தியம்மாவுக்கு,

ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள். இதைப் படித்ததும் முதலில் அதை நிறுத்துங்கள். பிறகு மிச்சத்தைப் படியுங்கள்.

வினோதா வீட்டை விட்டுப் போனது எனக்கு முந்தாநாளே தெரியும்; உங்கள் கடிதம் கிடைத்ததும்தான் அவளுக்குப் போன் எடுத்தேன். உன் மாமியார் நர்ஸைக் கேட்கப் போகிறாராம், கேட்கட்டும், உண்மை எல்லாருக்கும் தெரியட்டும் என்று வீறாப்பாகத்தான் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு சொன்னாள்.

விழுந்ததால் இல்லையாம். ஸ்கேன் செய்த டொக்டர் அன்றைக்கே அவளிடம் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். பிள்ளையின் துடிப்பு அவள் விழுவதற்குப் பல நாட்களுக்கு முன்பே நின்றுவிட்டதாம். யாருடைய குற்றமும் இல்லை, சில நேரம் இப்படி ஆகும் என்றாராம். வெளியே வந்தபோது நாம் இரண்டு பேரும் வார்டு வாசலில் பழத்தைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தோம். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஏன் எங்கிட்ட சொல்லலடி என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ‘நம்ம தோட்டத்து ஜெயந்தினி அக்காவுக்கு ரெண்டு தடவ கரு கலைஞ்சப்ப, அவ வயித்துல தங்காது, அவ புருஷன் வேற பொண்ணு பாக்கணும்னு நீங்களும் அத்தையும் பைப்படியில பேசினத நான் பக்கத்துல நின்னு கேட்டேன். மரத்தத் திட்டினா மரத்துக்கு வலிக்காதும்மா.’

இதை அவள் முதலில் சொன்னது மாப்பிள்ளையிடம்தான், எங்கள் பின்வாசலில் வைத்து. அதற்குப் பிறகுதான் இங்கிருந்து போய்விடுவோம் என்று இரண்டு பேரும் முடிவெடுத்திருக்கிறார்கள். உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். நீங்கள் வெள்ளிக்கிழமை அங்கே போய்க் கேட்டால் தலைவர் காதில் விழும், வீட்டில் சொல்லுவார், சனிக்கிழமை தோட்டம் முழுக்க என் மகள் வயிற்றைப் பற்றிப் பேசும். அதனால் சத்தியத்தை மீறிவிட்டேன்.

உங்களிடம் கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லை. கூட்டத்தில் நான் எதுவும் பேசமாட்டேன். ஆனால் இதுவரை பேசினதைத் திரும்ப எடுக்கவும் மாட்டேன். எடுத்தால் அப்போ வேறு என்ன காரணம் என்று கேட்பார்கள். பழம்தான் என்றே இருக்கட்டும். அதற்கு உங்கள் பெயர்தான் கெடும். தெரிந்துகொண்டேதான் கேட்கிறேன்.

உங்கள் வாயிலிருந்து வினோதாவைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே வந்தது என்று கேள்விப்பட்டால், நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

மனோரஞ்சிதம்

மேல்வீடு
1.7.2024

சம்பந்தியம்மாவுக்கு,

உங்க காயிதத்தப் படிச்சேன், அடுப்புல போட்டுட்டேன். இதையும் நீங்க போட்டுடுங்க.

வெள்ளிக்கெழம தலைவரு வந்து நின்னாரு. எனக்குக் கால் நோவு, பயணம் வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன். நாலஞ்சு நாளா சோறு எறங்கல. யார் மேல கோவப்படுறதுன்னே தெரியல. பழக்கத்துக்கு உங்க மேலதான் வருது. மடியில தல வச்சு லொறியில கூட்டிட்டுப் போனேனே, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல அந்தப் புள்ள. ஆணா பொண்ணான்னு டொக்டர் சொன்னாரான்னு கேக்கத் தோணுது. நீங்க அவகிட்ட கேட்டுறாதீங்க. தோணிச்சு, எழுதினேன்.

இன்னிக்குக் காலையில மரம் வெட்ட ஆளக் கூப்பிட்டேன். மெஷின் சத்தம் கேட்டு லயத்து வீடுகள்ல இருக்குற சனம் பூரா வந்து நின்னுச்சு. தலைவரு, ஏன் திடீர்னு வெட்டுறீங்கன்னு கேட்டாரு. அந்தப் பழத்தாலதான் எங்க வீட்டுப் புள்ள போச்சு, நாந்தான் மழையில மருமகள வெளிய அனுப்பினேன், அத எங்கண்ணால தெனமும் பாக்க முடியலன்னு சொன்னேன். எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னேன். சாயங்காலம் பைப்படிக்குப் போனா ரெண்டு பொம்பளைங்க கொடத்த எடுத்துக்கிட்டு நவுந்து போனாங்க. போகட்டும்.

இத உங்களுக்காகச் செஞ்சேன்னு நெனைக்காதீங்க. உங்களோட எனக்குப் பேச்சு கெடையாது. ஹட்டனுக்குக் கூப்பிட்டாங்கன்னா நான் ஒரு நாள் போறேன், நீங்க வேற நாள் போங்க. ஒரே பஸ்ஸுல ஏற வேணாம்.

பெரிய கெளை ஒண்ணு சரிஞ்சு உங்க பின்பக்கக் கூரையில விழுந்து தகரம் நெளிஞ்சு போச்சு. அண்ணன் பயந்திருப்பாரு. நாளைக்கு ஆளு அனுப்பி மாத்தித் தர்றேன். அந்த ஆளு கூரைமேல நிக்கிறப்ப நீங்க வெளிய வந்து என்ன ரெண்டு வார்த்த நல்லாத் திட்டுங்க. சத்தமாவே திட்டுங்க. நாலு பேரு காதுல விழணும்.

நாகலெட்சுமி